வானத்துப் போர் – 17: தத்தா கேலில் கூடிய ஜிர்கா

தத்தா கேலில் அன்றைய பேச்சு குரோமைட்டைப் பற்றியது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருக்கக் காரணமான குரோமியம் இந்தத் தாதுவிலிருந்துதான் கிடைக்கிறது. ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய வடக்கு வசீரிஸ்தான் மலைகளில் அதை வெட்டியெடுக்கிறார்கள். அங்கே ஒரு சுரங்கத்துக்கு இரண்டு குலங்கள் உரிமை கொண்டாடின. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் மண்ணில் இப்படி ஒரு தகராறைத் தீர்க்காமல் விட்டால் பேரன் காலம்வரை பழிக்குப்பழி தொடரும். ஆகவே பெரியவர்கள் ஜிர்கா என்ற குலப் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். 2011 மார்ச் 16 அன்று தொடங்கிய பேச்சு அன்றைக்கே முடியவில்லை. மறுநாள் வியாழக்கிழமை காலை, பேருந்து நிலையத்தை ஒட்டிய திறந்தவெளியில் மீண்டும் உட்கார்ந்தார்கள். கூட்டம் பெரிது என்பதால் இரண்டு வட்டங்களாக, சில அடி இடைவெளி விட்டு அமர்ந்திருந்தார்கள்.

அந்த வட்டங்களில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சட்டத்துக்குப் போக வேண்டும். மாலிக்குகள் இருந்தார்கள்; குலத்தின் சார்பில் அரசோடு பேசுபவர்கள், அதற்காக அரசிடமிருந்தே படி வாங்குபவர்கள். கஸாதார்கள் இருந்தார்கள், அப்போது அரசுச் சம்பளத்தில் இருந்த பழங்குடிக் காவலர்கள். ஜிர்கா கூடப்போகிறது என்று பத்து நாட்களுக்கு முன்பே உள்ளூர் ராணுவ முகாமுக்குத் தகவல் போயிருந்தது. தாலிபான்கள் சுமார் நான்கு பேரும் வந்திருந்தார்கள். அந்தப் பகுதியில் அவர்கள் சம்மதமில்லாமல் எந்தப் பஞ்சாயத்தும் நிலைக்காது என்ற நிலை அப்போது. தப்பிப் பிழைத்தவர்கள் இதை மறைக்கவில்லை. பின்னர் ஸ்டான்ஃபோர்ட், நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிகளின் ஆய்வாளர்கள் வந்து விசாரித்தபோது அவர்களே சொன்னார்கள்.

காலை பதினொரு மணிக்குச் சற்று முன்பு அமெரிக்க ட்ரோனிலிருந்து முதல் ஏவுகணை விழுந்தது. தொடர்ந்து மேலும் விழுந்தன. சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். உடல்களைப் பிரித்து அடையாளம் காண முடியாமல், கிடைத்த பாகங்களைச் சேர்த்தே பல குடும்பங்கள் அடக்கம் செய்தன.

முந்தைய நாள்தான் லாகூரில் வேறொரு விவகாரம் முடிந்திருந்தது. ஜனவரி 27 அன்று நடுத்தெருவில் இரண்டு பாகிஸ்தானியரைச் சுட்டுக் கொன்ற சிஐஏ ஒப்பந்ததாரர் ரேமண்ட் டேவிஸ், குடும்பங்களுக்கு ரத்தப்பணம் கொடுக்கப்பட்டு மார்ச் 16 அன்று விடுதலையானார். மறுநாளே இந்தத் தாக்குதல். இஸ்லாமாபாதிலிருந்த அமெரிக்கத் தூதர் கேமரன் மன்டர் அந்த நேரத்தில் வேண்டாம் என்று தடுத்ததாகவும், சிஐஏ தலைவர் லியோன் பனெட்டா அதை ஏற்கவில்லை என்றும் சில மாதங்கள் கழித்துச் செய்தி வெளியானது. பாகிஸ்தான் ராணுவத் தளபதி கயானி, பெரியவர்கள் உள்ளிட்ட குடிமக்கள் மனித உயிரை மதிக்காமல் தாக்கப்பட்டார்கள் என்று வெளிப்படையாகவே கண்டித்தார். அவரிடமிருந்து அப்படி ஓர் அறிக்கை அபூர்வம். பெயர் சொல்ல விரும்பாத அமெரிக்க அதிகாரிகளோ, கூடியிருந்தவர்கள் பயங்கரவாதிகள்தான், தர்ம காரியத்துக்குக் கார் கழுவ வந்தவர்கள் அல்ல என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள்.

பெயர் சொல்லாமல் பேசியதற்குக் காரணம் உண்டு. பாகிஸ்தானில் ட்ரோன்களை இயக்கியது அமெரிக்க ராணுவம் அல்ல, சிஐஏ. மறைமுக நடவடிக்கை என்ற சட்டப் பிரிவின் கீழ் அது நடந்ததால், நடந்தது என்று ஒப்புக்கொள்வதே சட்டமீறல் ஆகிவிடும். உலகமே அறிந்த ஒரு போரை, நடத்தும் அரசு பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள முடியாத நிலை. இந்தத் தொடரில் சொல்லிவரும் எல்லாச் சட்டச் சிக்கல்களும் இந்த இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

ஆனால் வசீரிஸ்தான் வானம் இப்படித் திறந்து கிடந்தது 2004இல் தாலிபான் தளபதி நேக் முகமது வானா அருகே ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டபோது தொடங்கியதல்ல. அதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது.

1901இல் பிரிட்டிஷ் இந்திய அரசு எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லைப்புறத்துப் பஷ்தூன்களுக்கென்றே செய்யப்பட்ட சட்டம். அதன்படி ஓர் ஆள் செய்த குற்றத்துக்கு அவன் குலம் முழுவதையும் தண்டிக்கலாம். வீட்டை இடிக்கலாம், ஊரை மறிக்கலாம். வழக்கறிஞர் கிடையாது, மேல்முறையீடு கிடையாது; அரசியல் முகவர் என்ற ஒற்றை அதிகாரி வைத்ததே சட்டம். அடுத்த கால் நூற்றாண்டில் ஆகாயமும் அந்தச் சட்டத்தோடு சேர்ந்துகொண்டது. 1925 மார்ச் மாதத்திலிருந்து ஏறத்தாழ எட்டு வாரங்கள், விங் கமாண்டர் ரிச்சர்ட் பிங்க் தலைமையில் பிரிட்டிஷ் விமானப் படை தெற்கு வசீரிஸ்தானின் மெஹ்சூத் ஊர்களைக் குண்டு வீசித் தாக்கியது. தரைப்படை இல்லாமல் விமானப் படை தனியாகவே நடத்திய முதல் போர் அது; அவர் பெயராலேயே பிங்க்கின் போர் என்று அழைக்கப்படுகிறது. விமானங்கள் மீரான்ஷாவிலிருந்தும் டாங்க்கிலிருந்தும் கிளம்பின. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு ட்ரோன்கள் வட்டமிட்ட ஊர்ப் பெயர்களில் மீரான்ஷாவும் ஒன்று.

பாகிஸ்தான் பிறந்த பிறகாவது இது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. 1901 சட்டம் அப்படியே இருந்தது. 1973 அரசமைப்புச் சட்டத்தின் 247ஆவது பிரிவு, வசீரிஸ்தான் உள்ளிட்ட பழங்குடிப் பகுதிகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்று எழுதி வைத்தது. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அங்கே 1996இல்தான் வந்தது. சிஐஏ தன் விமானங்களை அனுப்பிய காலத்தில் வசீரிஸ்தானி ஒருவர் தன் சொந்த நாட்டின் நீதிமன்றத்திலேயே உரிமையோடு நுழைய முடியாதவராக இருந்தார். கொல்வதற்கு வேறு எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இவ்வளவு கேள்வியில்லாமல் கொன்றிருக்க முடியாது என்பது என் துணிபு.

இஸ்லாமாபாத் இதில் அப்பாவி அல்ல. பலூசிஸ்தானில் ஷம்சி என்றொரு ஓடுதளம் உண்டு. ஹூபாரா என்னும் கானமயில் இனப் பறவையை வல்லூறு விட்டு வேட்டையாட வரும் வளைகுடா ஷேக்குகளுக்காக ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. அந்த ஓடுதளத்திலிருந்துதான் சிஐஏவின் பிரிடேட்டர் ட்ரோன்கள் பறந்தன. 2011 நவம்பரில் சலாலா எல்லைச் சாவடியில் 24 பாகிஸ்தான் வீரர்கள் நேட்டோ தாக்குதலில் இறந்த பிறகே அமெரிக்கர்கள் அதைக் காலி செய்ய நேர்ந்தது. நாடாளுமன்றத்தில் கண்டிப்போம், பிறகு கண்டுகொள்ள மாட்டோம் என்ற பொருளில் பிரதமர் கிலானி 2008இல் அமெரிக்கத் தூதரிடம் பேசியதை விக்கிலீக்ஸ் ஆவணங்கள் வெளிப்படுத்தின. ஓரிரு தாக்குதல்களுக்குத் தான் அனுமதி கொடுத்ததை முன்னாள் அதிபர் முஷாரஃபே 2013இல் ஒப்புக்கொண்டார்.

இந்த ரகசியச் சம்மதம் சட்டத்தில் எவ்வளவு தூரம் செல்லும்? ஒரு நாட்டு அரசு அழைத்தால் இன்னொரு நாடு அங்கே படை நடத்தலாம். பன்னாட்டுச் சட்டம் இதை ஏற்கிறது. அப்போது இறையாண்மை மீறல் என்ற குற்றச்சாட்டு விழுந்துவிடும். ஆனால் சம்மதம் கொடுத்த அரசுக்கே தன் குடிமக்களை விசாரணையின்றிக் கொல்ல உரிமை கிடையாது. தன்னிடம் இல்லாத ஓர் உரிமையை அது எப்படி இன்னொருவருக்குக் கைமாற்றித் தரும்? தவிர, பகலில் கண்டித்து இரவில் தலையசைக்கும் சம்மதத்தை எந்த நீதிபதி முன்னும் காட்ட முடியாது. வாஷிங்டனுக்கும் இஸ்லாமாபாதுக்கும் அது வசதியாக இருந்தது. அதன் விலையை தத்தா கேல் கொடுத்தது.

சம்மதம் இல்லையென்றால் மிச்சமிருப்பது தற்காப்பு. ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு அயல்நாட்டின் மீது படைபலத்தைத் தடுக்கிறது. 51ஆவது பிரிவு, தாக்கப்பட்ட நாடு தற்காத்துக்கொள்ளலாம் என்று விலக்கு தருகிறது. தாக்குதல் வருமுன்பே தற்காப்பு என்று தாக்கலாமா என்ற கேள்விக்கு சட்ட அறிஞர்கள் இன்றும் எடுத்துப் பேசுவது ஒரு பழைய கப்பல் கதை. 1837 டிசம்பரில், கனடாக் கிளர்ச்சியாளர்களுக்குப் பொருள் கொண்டுபோன கரோலைன் என்ற அமெரிக்க நீராவிக் கப்பலை, பிரிட்டிஷார் நயாகரா ஆற்றைத் தாண்டி அமெரிக்கக் கரையிலேயே பிடித்து, தீ வைத்து, நீர்வீழ்ச்சி நோக்கி விட்டார்கள். ஓர் அமெரிக்கர் இறந்தார். வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் பிரிட்டனைக் கேட்டார்: ஆபத்து அந்தக் கணமே தலைமேல் வந்து நின்றதா, வேறு வழியே இல்லையா, யோசிக்கக்கூட நேரமில்லையா? இவற்றை நிரூபித்தால்தான் தற்காப்பு என்றார். எல்லை தாண்டி வந்தவர்களால் தன் குடிமகனை இழந்த அமெரிக்காதான் அந்த அளவுகோலை உலகுக்குத் தந்தது. 2013 பிப்ரவரியில் கசிந்த அமெரிக்க நீதித் துறை ஆவணம் ஒன்று, உடனடி ஆபத்து என்பதற்குக் குறிப்பிட்ட தாக்குதல் விரைவில் நடக்கப்போகிறது என்ற தெளிவான ஆதாரம் தேவையில்லை என்று எழுதியது. வெப்ஸ்டரின் அளவுகோலில் மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்நாட்டுச் சட்டமாக அமெரிக்கா காட்டுவது 2001 செப்டம்பரில் நிறைவேறிய படை அதிகாரத் தீர்மானம். அதன் மையப் பகுதி அறுபது ஆங்கிலச் சொற்கள். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், செய்தவர்கள், உதவியவர்கள், அவர்களுக்குப் புகலிடம் தந்தவர்கள் மீது படை செலுத்தலாம் என்கிறது. பிரதிநிதிகள் அவையில் 420 பேர் ஆதரிக்க, எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவர்தான். வெற்றுக் காசோலையாகிவிடும் என்று அவர் அன்றே எச்சரித்தார். பாகிஸ்தான் தாலிபான் என்ற அமைப்பு உருவானதே 2007 டிசம்பரில். ஆறு வருடம் முன்பு நடந்த குற்றத்துக்கு அது எப்படிப் பொறுப்பாகும்? தொடர்புடைய படைகள் என்று ஒரு வகையை உண்டாக்கி அந்த இடைவெளியை நிரப்பினார்கள். தீர்மானத்தில் அந்தச் சொற்கள் இல்லை.

இத்தனையையும் ஒத்துக்கொண்டு, நடப்பது போர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது போர்ச் சட்டம் வந்துவிடும். போராளியையும் குடிமகனையும் பிரித்தறிய வேண்டும். கிடைக்கும் ராணுவப் பயனுக்கு மிஞ்சிய பொதுமக்கள் இழப்பு இருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் குடிமகனாகவே கருத வேண்டும். தத்தா கேலில் தாலிபான் நால்வர், மற்றவர் முப்பதுக்கும் மேல். தாடியும் தலைப்பாகையும் துப்பாக்கியுமாகக் கூடியிருக்கும் ஆண்கள் கூட்டம் கேமராவில் எப்படித் தெரியும்? ஆள் யாரென்று தெரியாமலேயே நடமாட்டத்தின் தினுசை வைத்துத் தாக்குவது அந்த ஆண்டுகளில் வழக்கமாகவே இருந்தது. தாக்கப்படும் இடத்திலிருக்கும் சண்டை வயது ஆண்கள் எல்லோரையும் போராளிகளாக எண்ணும் கணக்குமுறை பற்றி 2012 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தக் கணக்கில் கஸாதார் போராளி. தகராறு தீர்க்க வந்த கிழவரும்கூடப் போராளி ஆகிவிடக்கூடும்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2008 மார்ச் 2 அன்று தர்ரா ஆதம் கேலில் இதேபோல் ஒரு ஜிர்கா கூடியது. தீவிரவாதிகளை எப்படி எதிர்கொள்வது என்று பேசத்தான் கூடினார்கள். தற்கொலைப் படையாள் ஒருவன் அதற்குள் நுழைந்து வெடித்தான். அங்கும் சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். தாலிபான்கள் கொன்ற மாலிக்குகள் நூற்றுக்கணக்கில். 2009 ஆகஸ்டில் பாகிஸ்தான் தாலிபான் தலைவர் பைத்துல்லா மெஹ்சூத் ட்ரோன் தாக்குதலில் இறந்தபோது பாகிஸ்தானில் நிம்மதியடைந்தவர்கள் ஏராளம். ராணுவம் தரைவழியாக நுழைந்தால் ஊர் ஊராகக் காலியாகிறது. பீரங்கி ஆள் பார்த்துச் சுடுவதில்லை. மணிக்கணக்கில் பார்த்துத் தாக்கும் ட்ரோன் அதைவிடக் குறைந்த தீங்கு என்று வாதிடுபவர்களுக்கு அந்த மலைகளிலிருந்தே சாட்சிகள் கிடைப்பார்கள். இந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இதை ஏற்றுக்கொண்டாலும் தவறு நடந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்வி தீர்வதில்லை. தரைப்படையின் தளபதிக்குப் பெயர் உண்டு, முகாம் உண்டு; போய் முறையிடலாம். இங்கே முறையிடுவதற்கு வாசலே இல்லை.

2006இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் இந்த இடத்தில் ஒரு வழி காட்டியிருந்தது. குறிவைத்துக் கொல்வது எப்போதுமே சரி என்றோ எப்போதுமே தவறு என்றோ சொல்ல மாட்டோம். ஒவ்வொரு முறையும் ஆள் யாரென்று உறுதிசெய்ய வேண்டும், கைதுசெய்ய முடிந்தால் கைதுதான் செய்ய வேண்டும், தாக்கிய பிறகு சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று நீதிபதி அஹரோன் பராக் எழுதினார். அந்தத் தீர்ப்பு நடைமுறையில் எவ்வளவு மதிக்கப்பட்டது என்பது தனிக் கேள்வி. குறைந்தபட்சம் ஒரு நீதிமன்றம் விஷயத்துக்குள் சென்று பேசியது.

வாஷிங்டனில் அதுகூட நடக்கவில்லை. அமெரிக்கக் குடிமகனான அன்வர் அல்-அவ்லகியைக் கொல்லக் கூடாது என்று ஏமனிலிருந்து அவருடைய தந்தை போட்ட வழக்கை 2010 டிசம்பரில் நீதிபதி ஜான் பேட்ஸ் தள்ளுபடி செய்தார். வெளிநாட்டிலிருக்கும் குடிமகனை ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி வேண்டும், கொல்வதற்கு மட்டும் நீதிமன்றம் பார்க்கவே கூடாதா என்ற கேள்வியைத் தன் தீர்ப்பிலேயே எழுப்பிவிட்டு, இது அரசியல் கேள்வி என்று விலகினார். சொந்தக் குடிமகனுக்கே இந்தக் கதி என்றால் வசீரிஸ்தானிக்கு என்ன கிடைக்கும்?

தத்தா கேலில் இறந்த மாலிக் ஒருவருடைய மகன் லண்டனுக்குப் போனார். பிரிட்டிஷ் உளவு நிறுவனம் இருப்பிடத் தகவல்களை அமெரிக்காவுக்குக் கொடுத்திருந்தால், கொடுத்த ஊழியர்கள் கொலைக்கு உடந்தை ஆவார்களா என்று கேட்டார். நன்றாக யோசித்த கேள்வி. 2014 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. இதற்குப் பதில் சொன்னால் நட்பு நாடான அமெரிக்காவின் செயலுக்குத் தீர்ப்பெழுதியதாகிவிடும், அது எங்கள் வேலை அல்ல என்றது.

பெஷாவரில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. 2013 ஏப்ரல் 11 அன்று பெஷாவர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி தோஸ்த் முகமது கான் தீர்ப்பளித்தார். ட்ரோன் தாக்குதல்கள் சட்டவிரோதம், போர்க் குற்றம், பாகிஸ்தானின் இறையாண்மை மீதான தாக்குதல் என்றார். பாதுகாப்பு அவைக்குப் போ, அங்கே வீட்டோ போட்டால் பொதுச் சபைக்குப் போ, தேவைப்பட்டால் சுட்டு வீழ்த்து, குடும்பங்களுக்கு அமெரிக்கா இழப்பீடு தர வேண்டும் என்று அடுக்கடுக்காக உத்தரவிட்டார். தீர்ப்பில் மறக்க முடியாத பகுதி உத்தரவு அல்ல, எண்கள். வடக்கு வசீரிஸ்தான் நிர்வாகமே நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கு: 2012 டிசம்பர்வரை ஐந்தாண்டுகளில் இறந்த உள்ளூர்க் குடிமக்கள் 896 பேர், வெளிநாட்டவர் 47 பேர்.

ஏழு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சகம் செனட்டில் வேறொரு கணக்கை வைத்தது: 2008 முதல் 317 தாக்குதல்கள், இறந்த தீவிரவாதிகள் 2,160, பொதுமக்கள் 67. ஒரே அரசு, ஒரே மலைகள், ஏறத்தாழ ஒரே காலம். தத்தா கேலின் ஒரு காலை மட்டுமே இந்த 67இல் பாதிக்கு மேல் தின்றுவிடும். அமெரிக்கா 2016 ஜூலையில் வெளியிட்ட கணக்கில், 2009 முதல் 2015வரை போர்க்களங்களுக்கு வெளியே 473 தாக்குதல்கள், இறந்த பொதுமக்கள் 64 முதல் 116. எந்த ஊரில் எத்தனை பேர் என்ற விவரமே அதில் கிடையாது. இறந்தவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று அவருடைய மகன்கூடத் தெரிந்துகொள்ள முடியாது.

2013 அக்டோபர் 29 அன்று வடக்கு வசீரிஸ்தானிலிருந்து ஒரு குடும்பம் வாஷிங்டன் போனது. பள்ளி ஆசிரியரான தந்தை, பதின்மூன்று வயது மகன், ஒன்பது வயது மகள். முந்தைய ஆண்டு அக்டோபர் 24 அன்று, பக்ரீத்துக்குக் கொஞ்சம் முன்பு, வயலில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த பாட்டி ஏவுகணையில் இறந்தார். அருகிலிருந்த பேரக் குழந்தைகள் காயமடைந்தார்கள். மேகம் மூடியிருந்தால் ட்ரோன் வருவதில்லை, அதனால் நீல வானம் இப்போது பிடிப்பதில்லை என்று அந்தப் பையன் சொன்னதை மொழிபெயர்த்த பெண் நடுவில் அழுதுவிட்டார். ட்ரோன் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் நேரில் பேசியது அதுவே முதல் முறை. கேட்க வந்த உறுப்பினர்கள் ஐந்து பேர். பிரதிநிதிகள் அவையில் மட்டுமே 435 இடங்கள்.

ஒப்புக்கொள்ளவே முடியாது என்று இத்தனை காலம் சொல்லப்பட்ட விஷயம் 2015 ஏப்ரல் 23 அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த ஜனவரியில் எல்லைப் பகுதியில் நடந்த தாக்குதலில், அல்-கொய்தா பிடித்து வைத்திருந்த இரண்டு பணயக் கைதிகள் இறந்திருந்தார்கள். ஒருவர் அமெரிக்கர் வாரன் வைன்ஸ்டைன், இன்னொருவர் இத்தாலியர் ஜொவானி லோ போர்ட்டோ. அதிபர் ஒபாமா தொலைக்காட்சியில் தோன்றி, முழுப் பொறுப்பையும் ஏற்று, வருத்தம் தெரிவித்தார். ரகசியம் தளர்த்தப்பட்டது, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. இத்தாலியக் குடும்பத்துக்கு 11,85,000 யூரோ வழங்க அமெரிக்கா ஒப்புக்கொண்டது மறு ஆண்டு தெரியவந்தது. அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்தது நியாயம்தான். அதைவிட அதிகமே கிடைத்திருக்க வேண்டும். ஆனால் ரகசியச் சட்டம் பேச விடவில்லை என்ற சாக்கு அன்றோடு செத்தது. பேச மனமிருந்தால் பேச முடியும் என்று அதிபரே காட்டிவிட்டார்.

தத்தா கேலுக்கு அப்படி யாரும் தொலைக்காட்சியில் தோன்றவில்லை. 2018 மே மாதம் பாகிஸ்தான் நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, பழங்குடிப் பகுதிகளைக் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு இணைத்தது. 247ஆவது பிரிவு நீக்கப்பட்டது. வசீரிஸ்தானி ஒருவர் உரிமையோடு உயர் நீதிமன்றப் படியேற முடிந்தது அதற்குப் பிறகுதான். ஜிர்கா மீது ஏவுகணை விழுந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

(அடுத்த இதழில்: காபூல், 2021 ஆகஸ்ட் 29)